கடன்பட்டவர் சொல்லட்டும்: பிள்ளைக்குப் போர்க்கால வரலாற்று நூல் வாங்கும் வியாபாரிக்கு

யாழ்ப்பாணத்தில் கட்டடப் பொருள் வியாபாரம் செய்யும் சகோதரர் ஒருவர், சென்ற பாடசாலை விடுமுறையில் தீவகத்துக்குச் சரக்கு ஏற்றிச் சென்றார். புத்தளத்தில் படிக்கும் மகனையும் கூட்டிப் போனார். பண்ணைப் பாலம் தாண்டி, அல்லைப்பிட்டி, வேலணை கடந்து, புளியங்கூடலில் ஒரு வீட்டு வாசலில் லொறி நின்றது. கூரைத் தகடு இறக்கி முடிந்ததும் வீட்டுக்கார ஐயா தேநீர் கொடுத்தார். எழுபது வயதைத் தாண்டியவர். பையனைப் பக்கத்தில் இருத்திக் கேட்டார்.

"தம்பி, மாத்தறையிலை எங்களுக்குப் பெரிய கடை இருந்தது. எண்பத்திமூண்டிலை எரிச்சுப் போட்டாங்கள். அதைப் பற்றி உமக்குப் பள்ளிக்கூடத்திலை படிப்பிச்சவையே?"

"இல்லை ஐயா" என்றான் பையன். கொஞ்சம் பொறுத்து அவனும் சொன்னான்: "யாழ்ப்பாணத்துல எங்கட மூத்தவாப்பாவுக்கும் கடை இருந்தது. தொண்ணூறுல ரெண்டு மணித்தியாலத்துல வெளிய போகச் சொன்னாங்களாம்."

அங்கே கதவோரம் நின்ற ஐயாவின் பேரனுக்கும் ஏறக்குறைய அதே வயது. அவன் பாட்டனாரைப் பார்த்து, "அப்பப்பா, இது உண்மையே?" என்று கேட்டான்.

இந்தச் சம்பவத்தைச் சொன்ன சகோதரர் என்னிடம் கேட்ட கேள்விதான் இவ்வாரப் பத்தி. "வியாபாரத்தைப் பற்றி எழுதுகிறீர்களே, பிள்ளைக்கு யுத்தகாலச் சரித்திரம் படிக்க எந்தப் புத்தகம் வாங்கலாம் என்று ஒரு தடவை எழுதக்கூடாதா?"

வியாபாரப் பக்கத்தில் இதற்கென்ன வேலை என்று சிலர் நினைக்கலாம். ஆனால் 1983 ஜூலையில் தெற்கில் எரிந்தவற்றில் தீவகத்தார் கடைகள் அநேகம். புங்குடுதீவு, வேலணை, காரைநகர் போன்ற ஊர்களின் பெயர் தென்னிலங்கைக் கடைத்தெருக்களில் பரிச்சயமானவை. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தில் பறிபோனவையும் கடைகளும் தையல் நிலையங்களும் இரும்புக் கடைகளும் லொறிகளுமே. 2014 ஜூனில் அளுத்கமையிலும் 2018 மார்ச்சில் திகனையிலும் 2019 மே மாதத்தில் மினுவாங்கொடையிலும் தாக்கப்பட்டவை முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும். இந்நாட்டில் கலவரத்தின் முதற் சூடு கடைவாசலில்தான் படுகிறது. ஆகவே வரலாறு வியாபாரிக்கு அந்நியமான பாடமல்ல.

குர்ஆனின் மிக நீண்ட வசனம்

சூரத்துல் பகராவின் 282ஆவது வசனம் குர்ஆனிலேயே மிக நீண்டது. அது போரைப் பற்றியதல்ல. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. கொடுக்கல் வாங்கலில் ஈடுபடும் எவருக்கும் அதன் சாரம் தெரியும். எழுதுபவர் நீதியோடு எழுத வேண்டும். சிறியதோ பெரியதோ, தவணையோடு எழுதச் சோம்பக்கூடாது. சாட்சிகள் வேண்டும், அழைத்தால் சாட்சி மறுக்கக்கூடாது. எழுதுபவருக்கும் சாட்சிக்கும் தீங்கு செய்யக்கூடாது.

இவற்றுக்கு நடுவே நாம் வேகமாகக் கடந்து போகும் ஒரு நிபந்தனை உண்டு. வாசகத்தைச் சொல்லி எழுதவைக்க வேண்டியவர் கடன் கொடுத்தவரல்ல, கடன்பட்டவர். காரணம் விளங்குகிறது. வர வேண்டியதை யாரும் குறைத்துச் சொல்லமாட்டார்கள். கொடுக்க வேண்டியதைத் தன் வாயால் சொல்பவனின் சொல்லுக்கு மறுபேச்சு இல்லை.

வரலாற்று நூலுக்கும் இந்த அளவுகோலையே வைத்துப் பாருங்கள். எங்களுக்கு நடந்த அநியாயத்தை நாங்களே எழுதுவது அவசியம். எழுதாவிட்டால் மறைந்து போகும். ஆனால் அது கடன் கொடுத்தவரின் குறிப்பு. அநியாயம் செய்த தரப்பைச் சேர்ந்த ஒருவர், "ஆம், எங்கள் பெயரால் இது நடந்தது" என்று எழுதும் நூல் கடன்பட்டவரின் ஒப்புதல். நல்ல அலுமாரியில் இரண்டும் இருக்க வேண்டும். வர வேண்டியதை மட்டும் எழுதிய கொப்பி பேரேடு ஆகாது.

ஒரு தீவு, மூன்று கணக்கு

புளியங்கூடல் அமைந்திருக்கும் வேலணைத் தீவையே எடுத்துக்கொள்வோம். சிங்களப் பிள்ளைகளுக்கான போர் வீரர் நூல்களில் இத்தீவு ஒரு மரணத்தால் அறியப்பட்டது. லெப்டினன் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ 1992 ஓகஸ்ட் 8ஆம் திகதி உயிரிழந்த அராலித்துறை இங்கேதான் இருக்கிறது. தமிழ் நூல்களில் தீவகம் என்றால், 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவுக் கடலில் குமுதினிப் படகில் வெட்டிக் கொல்லப்பட்ட முப்பதுக்கும் மேற்பட்ட பயணிகளும், 1990 ஓகஸ்டில் மண்டைதீவு, அல்லைப்பிட்டிப் பக்கம் பிடித்துச் செல்லப்பட்டுக் காணாமற் போன இளைஞர்களும் நினைவுக்கு வருவர். நயினாதீவு போன்ற இடங்களில் வாழ்ந்த முஸ்லிம்கள் இந்த இரண்டு வகை நூல்களிலும் அநேகமாக இல்லை.

மூன்றும் உண்மையே. ஆனால் ஒரு பிள்ளை ஒன்றை மட்டும் படித்தால் மற்ற இருவரும் அவனுக்கு எதிரி. அல்லது, அப்படி இருவர் இருந்ததாகவே அவனுக்குத் தெரியாது. பொய் எழுதாமலே ஒரு நூல் பிள்ளையை ஏமாற்ற முடியும். மேலே உலர்ந்த தானியத்தைப் பரப்பி ஈரத்தை அடியில் மறைத்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி நமக்குத் தெரியாததல்ல. மேலே கிடந்த தானியமும் நல்ல தானியம்தானே! குற்றம் மறைத்ததில் இருந்தது.

கையில் எடுக்கத்தக்கவை

முதலில் நமது கணக்கு. 1990 ஒக்டோபரில் மன்னார், யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்டங்களில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகளிலிருந்து எழுபதாயிரம் அளவிலான முஸ்லிம்கள் விரட்டப்பட்டனர். யாழ்ப்பாண நகரில் அது ஒக்டோபர் 30ஆம் திகதி நடந்தது. கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். இதை ஆவணப்படுத்துவதற்கு ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டவர் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியர் எஸ்.எச். ஹஸ்புல்லாஹ். 2018இல் காலமானார். முஸ்லிம் அகதிகளை இலங்கை இனப்பிரச்சினையின் மறக்கப்பட்ட மக்கள் என்று தலைப்பிலேயே சொல்லும் அவரது ஆங்கில நூல் 2001இல் வந்தது. எத்தனை குடும்பம், எந்த ஊர், எவ்வளவு சொத்து என்று கணக்குப் பார்க்கும் நூல். வியாபாரிக்கு விளங்கும் மொழி அது. அடுத்தது, லோ அண்ட் சொசைட்டி டிரஸ்ட் நிறுவனம் முன்னெடுத்த குடிமக்கள் ஆணைக்குழு 2011இல் வெளியிட்ட அறிக்கை. விரட்டப்பட்ட ஆண்களும் பெண்களும் சொன்ன சாட்சியங்களே அதன் பலம். அதே ஆண்டு வந்த அரசின் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் அறிக்கையும் வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றத்தைத் தனியாகப் பேசியிருக்கிறது.

அடுத்து, கடன்பட்டவர் சொல்லி எழுதியவை. இவை அருமையானவை, விலை கொடுத்தவை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நான்கு தமிழ் ஆசிரியர்கள், ராஜன் ஹூல், தயா சோமசுந்தரம், கே. சிறீதரன், ராஜினி திராணகம, சேர்ந்து எழுதியது 'முறிந்த பனை'. இந்திய இராணுவம் செய்ததையும் இலங்கை அரசு செய்ததையும் எழுதியவர்கள், தமது சமூகத்தின் இயக்கங்கள் செய்ததையும் விடாமல் எழுதினார்கள். நூல் அச்சாகி வருமுன்பே, 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி, ராஜினி திராணகம யாழ்ப்பாணத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். எழுதுபவருக்குத் தீங்கு செய்யாதீர்கள் என்ற கட்டளை ஏன் வந்தது என்பது இதிலிருந்து விளங்கும். 1990 வெளியேற்றம் அந்நூலில் இல்லை. அது அதற்கு முன்பே எழுதி முடிக்கப்பட்டது. ஆனால் மனித உரிமைகளுக்கான பல்கலைக்கழக ஆசிரியர்களின் யாழ்ப்பாணக் கிளை பிற்பாடு வெளியிட்ட அறிக்கைகளில் அது மறைவின்றிப் பதிவாகியிருக்கிறது. ராஜினியின் மகள் ஷாரிகா திராணகம 2011இல் வெளியிட்ட ஆய்வு நூல், புத்தளத்தில் தங்கியிருந்த யாழ்ப்பாண முஸ்லிம்களின் வாழ்க்கையைத் தமிழர்களின் வாழ்க்கையோடு பக்கத்தில் வைத்து எழுதியது. தாய் விட்ட இடத்திலிருந்து மகள் தொடர்ந்திருக்கிறார்.

புளியங்கூடலுக்கு அயலில் உள்ள அல்லைப்பிட்டியில் பிறந்த ஷோபாசக்தி, இளவயதில் புலிகள் இயக்கத்தில் இருந்தவர். 2001இல் வந்த அவரது 'கொரில்லா' நாவல், இயக்கம் உள்ளே எப்படி இருந்தது என்று உள்ளே இருந்தவரே சொல்வது. நாவல் சரித்திரமல்ல என்பதைப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதன் மொழியும் சம்பவங்களும் வளர்ந்த வாசகர்களுக்கே உரியவை.

இவற்றில் சில கடையில் கிடைக்காது என்று கவலை வேண்டாம். 2005 முதல் இயங்கும் நூலகம் என்ற மின்னூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் அறிக்கைகளையும் ஆயிரக்கணக்கில் இலவசமாகத் தருகிறது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 நூல்கள் எரிந்த பின் நமக்குக் கிடைத்த ஓர் ஆறுதல் அது. ஆங்கிலத்தில் மட்டும் உள்ளவற்றைப் பெற்றோரோ ஆசிரியரோ படித்துச் சொல்லலாம்.

நாம் கொடுக்க வேண்டியது

இனி, கசப்பான பக்கம். 1990 ஓகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் இருந்த நூற்றுக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டதும், அடுத்த வாரம் ஏறாவூரில் நடந்ததும் நம் பிள்ளைகளுக்கு ஓரளவு தெரியும். அதே ஓகஸ்டில் அம்பாறை மாவட்டம் வீரமுனையில் கோயிலில் தஞ்சம் புகுந்திருந்த தமிழர்கள் கொல்லப்பட்டதும், அதில் முஸ்லிம் ஊர்காவல் படையினருக்குப் பங்கு இருந்ததாகத் தமிழர் தரப்பு சாட்சிகள் சொல்வதும் எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? ஊர்காவல் படையில் இருந்த சிலர் செய்ததற்கு முழுச் சமூகமும் குற்றவாளி அல்ல. புலிகள் செய்ததற்குப் புளியங்கூடல் ஐயா குற்றவாளி அல்லாதது போல. ஆனால் அவர்கள் பக்கத்தில் எழுத ஒருவர் துணிந்தது போல் நம் பக்கத்தில் எழுதியவர்கள் மிகக் குறைவு. நமது அலுமாரியில் பெரிய வெற்றிடம் அங்கேதான் இருக்கிறது.

இதை ஏன் வலியுறுத்துகிறேன் என்றால், 2019 ஏப்ரல் 21ஆம் திகதியை நாம் மறக்க முடியாது. உயிர்த்த ஞாயிறன்று 250க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தவர்கள் நமது பெயர்களைத் தாங்கியவர்கள். அவர்களில் வசதியான வியாபாரக் குடும்பத்துப் பிள்ளைகளும் இருந்தார்கள். ஒரு புத்தகம்தான் அப்படி ஆக்கியது என்று சொல்ல வரவில்லை. ஆனால் தூரத்து நாடுகளின் போர்களை 'நாம் மட்டும் எப்போதும் பாதிக்கப்பட்டவர்கள்' என்ற ஒரே பாடமாகக் கேட்டு வளரும் பிள்ளைக்கு, தன் ஊர்ச் சரித்திரத்தை நீதியோடு சொல்லிக் கொடுக்க யாருமில்லாவிட்டால், அந்த வெற்றிடத்தை யார் நிரப்புவார் என்பது நம் கையில் இல்லை.

கொள்முதலுக்கு ஐந்து கேள்விகள்

சரக்கு எடுக்கும்போது நாம் கேட்பவற்றையே நூலிடமும் கேட்கலாம்.

முதலாவது, செய்தவர் யார்? ஆசிரியர் எங்கே இருந்தார், என்ன பார்த்தார், யாருக்காக எழுதினார் என்று பாருங்கள். வரலாற்றில் பொய் புகும் வழிகளைப் பட்டியலிட்ட இப்னு கல்தூன், தன் கட்சிப் பற்றையும் செய்தி சொன்னவரை ஆராயாமல் நம்புவதையும் முன்னால் வைத்தார். அவர் அதை எழுதியது 1377இல்.

இரண்டாவது, எப்போது செய்தது? 1988இல் எழுதியதில் 1990 இருக்காது. 2002 சமாதான காலத்தில் எழுதியதில் 2009 இருக்காது. இல்லாததை மறைத்ததாகக் கருத வேண்டாம். இருக்க வேண்டியது இல்லாவிட்டால் சந்தேகப்படுங்கள்.

மூன்றாவது, நிறை சரியா? இறந்தோர் தொகை நூலுக்கு நூல் மாறும். காத்தான்குடித் தொகையே அப்படி மாறுகிறது. விரட்டப்பட்டவர்கள் கையில் எடுத்துப் போக அனுமதித்த பணமும் இடத்துக்கிடம் வேறுபட்டது. நல்ல நூல் எந்தத் தொகை எங்கிருந்து வந்தது என்று சொல்லும். ஊதிய தொகை சொல்லும் நூல் உண்மையான தொகையையும் சேர்த்தே கெடுத்துவிடும்.

நான்காவது, கொடுக்க வேண்டியதும் எழுதப்பட்டிருக்கிறதா? தன் தரப்பு செய்த ஒரு தவறாவது இல்லாத போர்க்கால நூலைத் தனியாகக் கொடுக்காதீர்கள். மற்றத் தரப்பின் நூல் ஒன்றைச் சோடியாக வைத்துக் கொடுங்கள்.

ஐந்தாவது, எந்த வயதுக்கு? பன்னிரண்டு வயதுக்குக் கீழே சடலப் படங்கள் வேண்டாம். வீட்டை விட்டு வந்தது, திரும்பிப் போனது, எரிந்த நூலகம், உதவிய அயலவர் போன்றவை போதும். பதின்மூன்று முதல் பதினைந்து வரை தன் ஊரின் கதையும் அயலூரின் கதையும். பதினாறுக்குப் பிறகு அறிக்கைகளையும் சாட்சியங்களையும், நீங்களும் கூட இருந்து படிக்கலாம்.

உலகத்திலிருந்து இரண்டு

வெளிநாட்டு நூல் வேண்டுவோருக்கு இரண்டாம் உலகப் போரிலிருந்து இரண்டு செய்திகள். திப்பு சுல்தான் வழிவந்த நூர் இனாயத் கான், 1943இல் ஜேர்மனியர் பிடியில் இருந்த பாரிஸில் இரகசிய வானொலிப் பணியாளராக இருந்து பிடிபட்டு, 1944 செப்டெம்பரில் டகாவ் முகாமில் கொல்லப்பட்டார். அவருடைய வாழ்க்கையை ஷ்ரபாணி பாசு நூலாக எழுதியிருக்கிறார். போருக்கு முன் நூர் பிள்ளைகளுக்காக எழுதிய நூல் எது தெரியுமா? பௌத்த ஜாதகக் கதைகள் இருபது. சிங்கள அயலவரோடு வாழும் நம் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான செய்தி அரிது. மற்றது அல்பேனியா. அங்குள்ள முஸ்லிம் குடும்பங்கள் அடைக்கலம் வந்த யூதர்களைத் தம் வீடுகளில் மறைத்துக் காத்தன. அவர்களைப் படம் பிடித்து நோர்மன் கேர்ஷ்மன் 2008இல் நூலாக்கினார். முஸ்லிம் என்றால் அடிபட்டவன் அல்லது அடித்தவன் என்ற இரண்டே பாத்திரங்களைப் பார்த்த பிள்ளைக்கு, காத்தவன் என்ற மூன்றாவது பாத்திரமும் தெரிய வேண்டும்.

செலவும் வரவும்

இனி நம் பக்கத்து வேலை. ஆண்டு முடிவில் கடையின் பெயர் போட்ட கலண்டர் அடிக்கிறோம். ஜனவரி போனால் அது சுவரில். டிசம்பர் போனால் குப்பையில். அந்தச் செலவில் ஒரு பகுதியை ஒதுக்கி, ஊர்ப் பாடசாலைப் பரிசளிப்பு விழாவுக்குச் சோடி நூல்களாகக் கொடுங்கள். உள்ளே கடை முத்திரை குத்தினால் இருபது வருடம் நிற்கும் விளம்பரம். ஒரு கடைத்தெருவில் பத்துப் பேர் ஆளுக்கொன்று வாங்கினால் பள்ளிவாசலில் ஓர் அலுமாரி நிறையும். பயன்தரும் கல்வி மரணத்தின் பின்னும் நன்மை சேர்க்கும் என்பது நாம் அறிந்ததே. வாங்கியே கொடுங்கள், போட்டோ கொப்பி அடித்துப் பரப்புவது எழுதியவரின் வயிற்றில் அடிப்பது. அதுவும் அளவையில் குறைக்கும் வேலைதான்.

இன்னொன்று. 1990க்கு முந்திய உங்கள் கடை உறுதி, வரிப் பற்றுச்சீட்டு, கடன் கொப்பி, பெயர்ப் பலகைப் படம் எதுவாவது வீட்டில் இருந்தால் தயவுசெய்து எறியாதீர்கள். கறையான் அரிக்குமுன் பிரதி எடுங்கள். மூத்தவாப்பாவின் பக்கத்தில் பிள்ளையை இருத்தி, கடையில் என்ன சரக்கு இருந்தது, யார் வாடிக்கையாளர், வெளியேறிய அன்று யார் அழுதார்கள், யார் தண்ணீர் தந்தார்கள், யார் கதவைச் சாத்தினார்கள் என்று கேட்டு எழுதச் சொல்லுங்கள். அந்தத் தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. சாட்சி அழைக்கப்பட்டால் மறுக்கக்கூடாது என்றால், அழைப்பவரும் ஒருவர் இருக்க வேண்டுமல்லவா?

நாட்டின் பெரிய இடங்களிலும் ஒப்புதல் அபூர்வமாக வந்திருக்கிறது. 2002 ஏப்ரலில் கிளிநொச்சியில் அன்ரன் பாலசிங்கம் முஸ்லிம்களை வெளியேற்றியது தவறு என்று ஒப்புக்கொண்டார். 2004இல் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க 1983க்காகத் தமிழரிடம் மன்னிப்புக் கேட்டார். எரிந்த கடைகள் அதனால் திரும்பி வரவில்லை. ஆனால் கடன் இருக்கிறது என்று கடன்பட்ட தரப்பே சொன்ன பிறகு அதை இல்லையென்று யாரும் மறுக்க முடியாது.

புளியங்கூடலில் அன்றைக்கு லொறி புறப்படும்போது, அந்தப் பேரன் நம் சகோதரரின் மகனிடம், "எங்கட அப்பப்பா சொன்னதெல்லாம் எழுதி வைக்கப் போறன், நீரும் உங்கட மூத்தவாப்பாட்டைக் கேட்டு எழுதும், பிறகு மாத்திப் படிப்பம்" என்றானாம். இரண்டு கொப்பிகள் வாங்கிக் கொடுத்ததாகச் சகோதரர் சொன்னார். அவருடைய கேள்விக்கு என் பதிலும் அங்கிருந்தே தொடங்குகிறது. அந்தக் கொப்பிகளுக்குப் பக்கத்தில் மேலே சொன்ன நூல்களில் இரண்டை வையுங்கள்: ஒன்று நமக்கு வர வேண்டியது எழுதியது, மற்றது கடன்பட்டவர் எழுதியது. நாம் கொடுக்க வேண்டியதை எழுதும் நூல், அந்தப் பையன்கள் வளர்ந்த பின்னாவது நம் பக்கத்திலிருந்து வரும், இன்ஷா அல்லாஹ்.